தள்ளிப்போட்ட கேதம்

நல்ல காரியத்துக்கு சுகந்தியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பத்திரிகை வைப்பார்கள். வைத்துவிட்டு, மகளை மட்டும் அனுப்பினால் போதும் என்று மறக்காமல் சொல்லிவிட்டும் போவார்கள். ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் அவளுக்குத்தான். பரமக்குடியில் குடியிருப்பதால் வரும் வழியில் மாலை வாங்கி வர வசதி. அழுவதற்குக் குரலும் உண்டு. புருஷன் வசந்தகுமார் லாரியோடு தொண்டி ரோட்டில் போய்ச் சேர்ந்த பிறகு சொந்தபந்தம் அவளுக்கென்று ஒதுக்கி வைத்த இடம் அதுதான். கேத வீட்டில் முன்வரிசை, கல்யாண வீட்டில் கண்ணில் படாத மூலை.

அவள் பிறந்தது அபிராமத்துக்குக் கிழக்கே, கண்மாய் பெருகினால் நெல்லும் ஏமாற்றினால் மிளகாயும் போடுகிற சின்ன ஊரில். பத்தாவது முடித்ததும் பரமக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தாள். ஜோதிகாவைப் பெற்றாள். அந்தப் பிள்ளை தன் பெயரை எழுதப் பழகுகிற வயதில் தாலியை இழந்தாள்.

அப்போது அவளைத் தாங்கியவள் ராமலெட்சுமி. இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ராமு உள்ளூரிலேயே மாமன் மகன் காளிதாசைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். சேதி கேட்ட அன்று கறவை மாட்டையும், களை மண்டிக் கிடந்த கொல்லையையும், மேலுக்கு முடியாத தன் தாயார் ராக்குவையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவள், கருமாதி முடிகிறவரை சுகந்தியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. கருமாதி அன்று விடியலில் வளையலை உடைப்பதற்குக் கிழவிகள் சுகந்தியின் கையைப் பிடித்தபோது ராமு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். உடைத்தால் கை கிழியும், நானே கழற்றுகிறேன் என்று சொல்லி, தேங்காய் எண்ணெயைத் தடவி ஒவ்வொரு வளையலாக உருவி எடுத்தாள். இது என்ன புதுப் பழக்கம் என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள். அந்த நாளில் நடந்த மற்றதெல்லாம் சுகந்திக்குப் புகைமூட்டமாகத்தான் ஞாபகம். எண்ணெய் பிசுபிசுத்த அந்த விரல்கள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

பிறகு வருசக் கணக்காக ஜாக்கெட் தைத்தாள். ஊசித்துளை கண்ணுக்குப் பிடிபடாமல் போகத் தொடங்கியதும் பொடி இடிக்க ஆரம்பித்தாள். ராமு தன் கொல்லையில் காய்க்கிற முண்டு மிளகாயைக் காயவைத்து மூட்டையில் அனுப்புவாள். சுகந்தி அதை வறுத்து, மல்லியும் சீரகமும் சேர்த்து அரைத்து, தெரிந்த வீடுகளுக்கும் நாலைந்து கடைகளுக்கும் கொடுத்து வந்தாள். வாரத்தில் ஒரு நாளாவது ராமுவிடமிருந்து போன் வரும். மாட்டில் ஆரம்பித்து, காளிதாசின் சோம்பேறித்தனத்தில் புகுந்து, ராக்குவின் முட்டுவலியில் முடியும். ராக்குவை சுகந்தி சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா இல்லாத சுகந்திக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள் அந்தக் கிழவி.

ஜோதிகா மதுரையில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு ஓசையற்றுப் போயிற்று. ஒரு ஆளுக்கு உலை வைப்பது சமையல் மாதிரியே இல்லை. சாயங்காலம் பொடி அரைக்கிற மிஷினை நிறுத்தினால் அடுத்த சத்தம் மறுநாள் பால்காரன் மணிதான். டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கும் பழக்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

அந்தக் காலத்தில்தான் ஜோதிகா லீவுக்கு வந்து, அம்மா இப்படியே இருந்தால் சரிப்படாது என்று, போனில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டுப் போனாள். 'விடியல் வெற்றிப் படை' என்று பெயர். நடத்துகிறவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருப்பார். எல்லோரும் அவரைக் கோச் சார் என்பார்கள். கோழி கூவுமுன் எழ வேண்டும். பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். அன்றைய வேலைகளை நாலு கட்டமாகப் பிரித்து எழுத வேண்டும்: முக்கியமும் அவசரமும் ஆனவை, முக்கியம் ஆனால் அவசரமில்லாதவை, அவசரம் ஆனால் முக்கியமில்லாதவை, இரண்டுமில்லாதவை. காலை வேலை முடிகிறவரை போனில் யார் அழைப்பையும் எடுக்கக் கூடாது. யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும்.

சுகந்தி முதலில் வெட்கப்பட்டுக்கொண்டுதான் செய்தாள். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, "நான் ஜெயிக்கப் பிறந்தவள்" என்று அவள் சொல்லும்போது, பொட்டில்லாத நெற்றி எதிரே நின்று அவளையே பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்ரீன் ஒருநாள் வாசல் கூட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"காலங்காத்தால யாருக்கா வந்துட்டுப் போறது? ஒரே பாராட்டா இருக்கு."

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானேதான் என்னைப் பாராட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாள். அம்ரீன் விளக்குமாறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "எனக்கும் ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லுங்கக்கா, எங்க வீட்ல அதுக்கு ஆளில்ல" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பழக்கங்கள் சுகந்திக்குப் பலன் கொடுத்தன. விடியுமுன் பொடிக்கு வறுத்து முடிந்துவிடும். எந்தக் கடையில் எப்போது சரக்குத் தீரும் என்று அவர்கள் கேட்குமுன்னே கொண்டுபோய் வைத்தாள். பாக்கெட்டில் பெயர் அச்சடித்தாள். தனக்குள் இப்படி ஒரு ஆள் இத்தனை நாள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே ஆச்சரியம். மாலையில் குழுவில் அன்றைய வெற்றியை எல்லோரும் எழுத வேண்டும். அவள் எழுதினால் முகம் தெரியாத யார் யாரோ கை தட்டுகிற படம் போடுவார்கள். அந்தக் கைதட்டலை அவள் தூங்குமுன் இன்னொரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

வேண்டாம் என்று சொல்வதுதான் அவள் மனசுக்கு மிகவும் பிடித்துப்போன பாடம். நல்லதுக்கு ஒதுக்கி வைக்கிறவர்கள் கெட்டதுக்கு மட்டும் அவளை முதல் ஆளாக எதிர்பார்ப்பதை நினைத்து நினைத்துப் புழுங்கியவள் அவள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியவர் செத்த சேதி வந்தபோது, வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த சாவுக்கும் போகவில்லை. ஊர்ப் பெண்கள் லோடு வண்டி பிடித்துக்கொண்டு பரமக்குடி வழியாகப் போகையில், வழக்கம்போல் அவள் வீட்டு முனையில் நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். அவள் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு வண்டி அந்த முனையில் நிற்பதில்லை.

ராமு மட்டும் போனில் சீண்டினாள். "என்னடி, எல்லாரும் சேந்து செத்துட்டா மொத்தமா ஒருநா வருவியோ?" சுகந்தி சிரித்துக்கொண்டு, ஆமாம், தேதி சொல்லு, எழுதி வச்சுக்கிறேன் என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் ராமேஸ்வரம் போகவேண்டியிருந்தது. யாத்ரீகர்கள் தங்குகிற ஒரு லாட்ஜின் மெஸ்ஸுக்கு மாதாமாதம் பொடி கேட்டிருந்தார்கள். முதலாளி அன்று ஒருநாள்தான் ஊரில் இருப்பார், நேரில் வந்து சாம்பிள் காட்டினால் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பின் விதிப்படி போனின் சத்தத்தை அடக்கிப் பையில் போட்டுக்கொண்டு விடியலில் பஸ் ஏறினாள். மண்டபம் தாண்டி, பாம்பன் பாலத்தில் ஏறுகையில் காலை வேலை முடிந்ததாக எண்ணிப் போனைத் திறந்தாள். காளிதாசின் அழைப்புகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கெல்லாம் முந்தி, இருட்டோடு இருட்டாக, ராமு ஒருமுறை கூப்பிட்டிருந்தாள்.

காளிதாஸை அழைத்தாள். அத்தை போய்விட்டது, பொழுது சாயுமுன் எடுத்துவிடுவோம், எப்ப வாறே என்று கேட்டான். பாலத்துக்குக் கீழே கடல் இரண்டு பக்கமும் வெள்ளி மாதிரி கிடந்தது. பாம்பனில் இறங்கினால் எதிர் பஸ் கிடைக்கும். மதியத்துக்குள் ஊருக்குப் போய்விடலாம்.

பாம்பனில் பஸ் நின்றது. மீன் கூடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். சுகந்தி இருக்கையின் கம்பியைப் பிடித்து எழுந்தவள் அப்படியே நின்றாள். முதலாளி நாளைக்கு இருக்க மாட்டார். சின்னம்மா இனி எங்கேயும் போகப்போவதில்லை. கேதம் என்பது அன்றைக்கே கேட்டால்தான் உண்டு என்றில்லையே. எடுத்த பிறகு போய்க் கேட்கிறவர்களும் இருக்கத்தானே செய்கிறார்கள். நாலு கட்டத்தில் இது எந்தக் கட்டம் என்று மனசு தானாகவே தேடியது. முக்கியம், ஆனால் அவசரமில்லை. அங்கே கொண்டுபோய் வைத்தபோது எல்லாம் சரியாகப் பொருந்தியது போலிருந்தது. ஏறுறதா இறங்குறதா என்று கண்டக்டர் எரிச்சலோடு கேட்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

காளிதாசை மறுபடி கூப்பிட்டு, ராமேஸ்வரத்தில் இருப்பதாகவும் நாளைக்கே வருவதாகவும் சொன்னாள். ராமுவுக்குக் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினாள். மெஸ் முதலாளி பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து, காரம் நாக்கில் இல்லாமல் தொண்டையில் தெரிகிறதே, இதுதான் சரக்கு என்றார். குழுவில் அன்று மாலை அவளுக்குக் கிடைத்த கைதட்டலைப் போல அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கேதம் கேட்க ஆகாத நாள். சனிக்கிழமை முதல் சரக்கு வறுக்க வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று போனில் 'ராமு வீட்டுக் கேதம்' என்று குறித்து மணி வைத்தாள். மணி அடித்தபோது கை முழுக்கப் பொடியாக இருந்தது. முழங்கையால் தள்ளி அடுத்த வாரத்துக்கு மாற்றினாள். அடுத்த வாரம் மிஷின் பழுது. கருமாதிக்குக் கட்டாயம் போய்விடுவது என்று கோடிச்சேலைகூட எடுத்து வைத்தாள். அன்றைக்கென்று ராமேஸ்வரத்தில் அமாவாசைக் கூட்டம், மெஸ்ஸில் பொடி தீர்ந்து ஆள் மேல் ஆள் கூப்பிட்டார்கள். போய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகையில் பொழுது போய்விட்டது. கருமாதி முடிந்த வீட்டுக்கு இனி எந்த நாளானால் என்ன என்று ஒரு சமாதானம் வந்தது. மணி வாராவாரம் அடித்தது. அவளும் வாராவாரம் தள்ளினாள். ஆட்டுக்குட்டியை வேலிக்கு அந்தப் பக்கம் விரட்டுவது மாதிரி அது ஒரு பழக்கமாகிப்போனது.

ராமுவிடமிருந்து போன் வரவில்லை. துக்கத்தில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மிளகாய் மூட்டையும் வரவில்லை. கேட்டனுப்பியதற்கு, இருந்ததைக் கமிஷன் கடையில் போட்டாயிற்று என்று காளிதாஸ் சொன்னான். சுகந்தி கடையில் வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒரு மழை விட்ட சாயங்காலம், பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் ராமுவைப் பார்த்தாள். மருந்துக் கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அபிராமம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். எத்தனை நாளாயிற்று பார்த்து! சுகந்தியின் கால் தானாக ஓடியது. முகம் நிறையச் சிரித்தபடி, "ராமு, எப்படிடி இருக்க?" என்று தோளைத் தொட்டாள்.

ராமு நிமிர்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் இல்லை, தெரியாத ஊரில் யாரோ தப்பாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது போன்ற முகம். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து, தன் ஊருக்குப் போகாத ஒரு பஸ்ஸின் மறைவில் போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் சுகந்திக்கு உறைத்தது. சாவுக்குப் பிறகு முதன்முதலாகப் பார்க்கிறோம். கேதம் கேட்கவில்லை. கேட்காத கேதம் நடுவில் கிடக்கும்போது எதிரே வருகிறவளைப் பார்த்து ஒருத்தி சிரிக்கக் கூடாது, நலம் விசாரிக்கக் கூடாது. கையைப் பிடித்து, வாய்விட்டோ விடாமலோ அழ வேண்டும். அதன் பிறகுதான் மற்றப் பேச்சு. பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அந்த ஊரில் தெரிந்த முறை அது. பரமசத்ருவாக இருந்தாலும் அந்த நேரம் கையைக் கொடுத்துவிடுவான். அவள் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். சிரித்துப் பழகிய முகம் அவளைக் கேட்காமலே சிரித்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனில் இருந்த அந்தக் குறிப்பை அழித்தாள். அழித்தது பெரிய காரியமாகத் தெரியவில்லை. இனி எது அவளை ஞாபகப்படுத்த வேண்டும்? உலை கொதிக்கையில் ராமு அந்தப் பஸ்ஸின் மறைவுக்குப் போனது தெரிந்தது. பொடி சலிக்கையில் தெரிந்தது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தாள். ஜெயிக்கப் பிறந்தவள் என்ற வார்த்தை வரும் இடத்தில் சும்மா நின்றாள். ராமு பேசாவிட்டால் அவளிடம் பேச இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பது, எவ்வளவு எளிய கணக்கு, அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஜோதிகா இருக்கிறாள், ஆனால் ஜோதிகாவிடம் அம்மாவாகத்தான் பேச முடியும். மெஸ் முதலாளி இன்னொரு லாட்ஜுக்கும் பொடி கேட்டார். அந்தச் சேதியைச் சொல்ல அவள் போனைக் கையில் எடுத்து, யார் பேரையும் தொடாமல் கீழே வைத்தாள். குழுவிலும் எழுதவில்லை.

அம்ரீனிடம் ஒருநாள் மதியம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்ரீன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்டிருந்தாள். இப்போது போய்க் கேட்கலாமா என்றதற்கு, பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கள்ல மூணு நாளுதாங்கக்கா. மவுத்தான வீட்டுக்கு அதுக்குள்ள போயிரணும். அப்புறமாப் போனா ஆறிக்கிட்டு வர்ற புண்ண நகத்தால நோண்டுன மாதிரின்னு சொல்லுவாக." அரிசியை ஒருமுறை கிளறிவிட்டு, "உங்கள்ல எப்படியோ" என்றாள்.

அந்த வார்த்தை சுகந்தியை இரண்டு வாரம் படுத்தியது. போவது யாருக்காக? ராமுவுக்காகவா, தன் மனசு ஆறுவதற்காகவா? மூடிய புண்ணைத் திறக்க எனக்கு என்ன உரிமை? பிறகு, மூடியிருக்கிறது என்று நான்தானே சொல்லிக்கொள்கிறேன், பார்த்தது யார் என்றும் நினைத்தாள். மார்கழி பிறந்து ஒரு புதன்கிழமை, வறுக்க எடுத்து வைத்த மிளகாயை அப்படியே மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினாள். பூக்கடை வரை போய், மாலை யாருக்கு என்று தோன்றி வெறுங்கையோடு திரும்பினாள்.

கேதத்துக்குப் பெண்கள் தனியாகப் போவதில்லை. வண்டி நிறையப் போவார்கள். தெருமுனையில் இறங்கி, தலையை அவிழ்த்துவிட்டு, ஒருத்தி குரலெடுத்தால் மற்றவர்கள் தொடர்வார்கள். அழுகை வராதவளுக்கும் பக்கத்தில் அழுகிறவளைப் பார்த்து வந்துவிடும். சுகந்தி மினி பஸ்ஸிலிருந்து ஒற்றை ஆளாக இறங்கினாள். கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது. நெல் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவளோடு வண்டியில் எத்தனையோ கேதத்துக்குப் போனவர்கள்தான். யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள்.

தெருமுனைப் பாலத்துக் கட்டையில் பூமிநாதன் உட்கார்ந்திருந்தார். ஊரில் யாரையும் சும்மா விடாத வாய். அவள் கொண்டையை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கு என்று கேட்டார். ராக்கு சின்னம்மா கேதத்துக்கு என்றாள்.

"அது ஆவணியில போன உசுராச்சே ஆத்தா," என்றவர், ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "பஸ்ஸு ரொம்ப லேட்டோ?"

சுகந்தி அவரைத் தாண்டிப் போனாள். அவிழ்ந்த முடியோடு தெருவுக்குள் நடந்தாள். குரலெடுக்க வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தாள்; தொண்டையில் காற்றுத்தான் வந்தது. எந்தச் சாவு வீட்டிலும் தயங்காத அந்தக் குரல், ஊரே கேட்டு மெச்சிய குரல், எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒரு கோழி குறுக்கே ஓடியது. எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு முகம் பார்த்தது. அழாமல் தலையை மட்டும் விரித்துப்போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நடப்பது, உடுத்தாமல் நடப்பதைப் போலிருந்தது.

ராமு வாசலில் உட்கார்ந்து சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகு முடியைப் பார்த்தாள். எழுந்து தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை கழுவினாள். அவசரமே இல்லாமல் கழுவினாள். துடைத்தாள். வீட்டுக்குள் போய், ராக்கு படுத்திருந்த நடுப்பத்தியில், வெறுந்தரையில் உட்கார்ந்து தன் கொண்டையையும் அவிழ்த்துவிட்டாள்.

யார் எப்போது வந்தாலும், கேதத்துக்கென்று தலையை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டால், உட்கார்ந்து தோள் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரியின் முறை. ராமு முறை தவறாதவள்.

சுகந்தி எதிரே மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்தாள். தோள் எலும்பாக இருந்தது. "சின்னம்மா" என்று ஆரம்பித்தாள். பாட்டாக வரவில்லை, அடுத்த வார்த்தையும் வரவில்லை. அந்த ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ராமு முதலில் முறைக்கு அழுதாள். சத்தம் இருந்தது, கண் காய்ந்திருந்தது. நடுவில் எங்கேயோ அந்தச் சத்தம் உடைந்து, சிறுபிள்ளையின் விம்மலாக மாறியது. அவள் நெற்றி சுகந்தியின் கழுத்தில் வந்து விழுந்தது. இருவரும் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ தெரியாது. வாசலில் மாடு கத்தியது.

ராமுதான் முதலில் விலகினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"அன்னிக்கு எல்லாரும் வந்தாக. எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதாக. எனக்குத்தான் யாரு மேல விழுந்து அழுகுறதுன்னு தெரியல. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அன்னிக்கு நான் பாம்பன்ல..." என்று சுகந்தி தொடங்கினாள்.

"காரணம் சொல்லாத." ராமு குரலை உயர்த்தவில்லை. "கேதத்துக்கு வந்து காரணம் சொல்லப்படாது."

வெளியே காளிதாஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான். ராமு தண்ணீர் கொடுக்கவில்லை. கேத வீட்டில் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஆனால் சாவு விழுந்து நாலு மாதமான வீட்டில் அந்த வழக்கம் உண்டா, இல்லை இது ராமுவின் மனசா என்று சுகந்தியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மெஸ்ஸைப் பற்றி, கண்ணாடியைப் பற்றி, யாரிடமும் சொல்லாத அந்த இன்னொரு லாட்ஜைப் பற்றி எல்லாம் சொல்லத்தான் நெஞ்சு முட்டியது. ராமு தன் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். கேதம் முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

"கேதம் கேட்டாச்சு. இது எங்கம்மாவுக்கு," என்றாள் ராமு. "எங்கிட்ட வாரதுன்னா இன்னொரு நாளு வா. தலைய முடிஞ்சுக்கிட்டு வா."

சுகந்தி எழுந்தாள். கேத வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. விடைபெறாமல், திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு படி இறங்கினாள். பின்னால் ராமு மறுபடி சாணி தட்டுகிற சத்தம் கேட்டது.

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. கேதத்துக்கு வந்தவள் திரும்பிப் போய் அதைக் கேட்கவும் முடியாது. கண்மாய்க் கரையில் காற்று பலமாக அடித்தது. அவிழ்ந்த முடி முகத்தில் விழ விழ ஒதுக்கிக்கொண்டு, சுகந்தி பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றாள்.